தெர்மாமீட்டர் கடந்த கைகள்



நினைவுநாள் கூட்டம் என்றால் மறைந்த தோழரின் பெருமைகளைப் பேசிவிட்டுக் கலைவது வழக்கம். அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை போவதிலேயே அவருடைய பாதி வாழ்நாள் கழிந்தது. ஆகவே அந்தத் துணையைப் பற்றியே இன்று பேசுவோம். மருத்துவத்தில் சமூகப் பணியாளரின் வேலை என்ன?

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளியான கடிதம் அது. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தலித் பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற அவர் மனைவிக்கு உடல்நிலை மோசமானது. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். அந்தத் தாயைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். வந்த வழியே அது திரும்பிப் போனது. நிமோனியா என்று சொன்ன டாக்டர், பிறகு வந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

இடையில் நின்ற அந்தக் கையை யோசித்துப் பாருங்கள். உதவி செய்த கைதான். ஆனால் டாக்டரின் தீட்டைக் காப்பாற்றவும் அதுவே பயன்பட்டது. இன்றைய சமூகப் பணியாளர் அந்த இடைக் கையா, அல்லது டாக்டரைச் சேரிக்குள் அழைத்து வருகிற கையா?

இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே இரண்டும் உண்டு. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் நியமிக்கப்பட்டபோது, இலவச சிகிச்சைக்குத் தகுதியானவர் யார் என்று சலித்தெடுப்பது அவர் வேலையாக இருந்தது. 1905இல் பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் காபட், நோயாளியின் வீட்டையும் வேலையையும் அறியாமல் வைத்தியம் பலிக்காது என்று சமூகப் பணியாளரைச் சேர்த்துக்கொண்டார். நம் நாட்டில் 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தப் பணி தொடங்கியது.

ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நோயாளிகளோடு நாங்கள் போகும்போது பார்ப்பது பெரும்பாலும் முதல் வகையைத்தான். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒரு மருத்துவமனையில், கூலிக்குப் போகும் அம்மா ஒருவரை ஒரு காகிதத்துக்காக மூன்று நாள் அலையவிட்டார்கள். மூன்று நாள் கூலி போனதை யாரும் கேட்கவில்லை. எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

படிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அண்டை மாவட்டமே சாட்சி. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. உறுப்பு வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் 1994லிருந்தே இருக்கிறது. மாற்று அறுவை செய்யும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றும், அதற்குச் சமூகப்பணி, சமூகவியல் போன்ற படிப்புகளில் முதுகலை முடித்தவர்களாக இருந்தால் நல்லது என்றும் 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாணவர்களே, அந்த நாற்காலியில் நாளை நீங்கள் உட்காரக்கூடும். கொடையாளி என்று எதிரில் அமர்ந்திருப்பவரிடம் கையெழுத்து மட்டும் கேட்பீர்களா? வட்டி எவ்வளவு, யாரிடம் வாங்கினாய் என்றும் கேட்பீர்களா?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்த வாசலைத் தாண்டித் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். மாத்திரை போட்டும் சர்க்கரை குறையவில்லை என்றால், அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். வீடு வீடாகப் போகும் தன்னார்வலப் பெண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் போதாது. நிரந்தர வேலையும் முறையான ஊதியமும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இடங்களை உருவாக்கி, நிரப்ப வேண்டும். சாதியின் பெயரால் நோயாளி அவமதிக்கப்பட்டால் அதைப் பதிவு செய்து மேலே அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும்.

நம் தோழரிடம் பதவி இல்லை, பட்டம் இல்லை. ஆனால் நோயாளியை வெளியே நிறுத்திவிட்டுச் சீட்டை மட்டும் உள்ளே கொடுத்தனுப்ப அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை. கூடவே உள்ளே போவார். படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் நாம் கேட்பது அவ்வளவுதான்.