சினிமா சரித்திரமாவது எப்படி?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் எடுத்த ஓர் ஓட்டப்பந்தய சினிமாவைப் பற்றி, விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எப்படி எழுதுவது, எழுதியிருப்பதை எப்படித் திருத்துவது என்பதே அது. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்பது என் காதிலும் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு புராணம் எப்படி உண்டாயிற்று என்பதை நம்மில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஊகித்துத்தான் சொல்லுகிறோம். ஆனால் தேதி இருக்க, பத்திரிகை இருக்க, அந்த மைதானத்தில் கூட ஓடிய ஆட்களே சிலர் அப்போது உயிரோடிருந்தும், ஒரு புராணம் உண்டானதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தைப் பார்த்தால் போதும்.

படத்தின் பேர் 'சாரியட்ஸ் ஆப் ஃபயர்'. நெருப்புத் தேர்கள் என்று அர்த்தம். 1981-ல் வந்தது. 1924-ல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஜெயித்த இரண்டு பேரைப் பற்றிய கதை. ஒருவர் ஹரால்ட் ஆபிரகாம்ஸ். யூதர், கேம்பிரிட்ஜில் படித்தவர், யூதர் என்பதற்காக அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் காட்டிய அலட்சியத்தை அனுபவித்தவர். மற்றவர் எரிக் லிடல். ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார் மகனாய்ச் சீனாவில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்குரிய நாள், அன்று ஓடமாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு, 400 மீட்டரில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றவர். படம் நல்ல படம். 1982-ல் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசு நான்கு கிடைத்தது. அதில் ஒன்று கதை வசனத்துக்கு! கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பது போகப் போகத் தெரியும்.

படம் 1978-ல் ஆபிரகாம்ஸ் இறந்தபின் நடக்கும் நினைவுக் கூட்டத்தோடு ஆரம்பமாகிறது. அங்கே அவருடைய பழைய தோழர் மாண்டேகு கிழவராய் வந்து நிற்கிறார். உண்மையான மாண்டேகு 1948-லேயே காலமாகிவிட்டார். செத்து முப்பது வருஷமானவர் இன்னொருவர் சாவுக்கு வந்து துக்கம் கேட்கிறார்! நம்மூர்ப் புராணக்காரன்கூட இதற்குச் சற்றுக் கூச்சப்பட்டு, முனிவர் வரம் என்று ஒரு சமாதானமாவது எழுதியிருப்பான். அந்த மாண்டேகு படித்தது ஆக்ஸ்போர்டில். படம் அவரைக் கேம்பிரிட்ஜில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி முற்றத்தை, மணி அடித்து முடிவதற்குள் ஆபிரகாம்ஸ் சுற்றி ஓடி முடிப்பதாக ஒரு காட்சி. ஆபிரகாம்ஸ் அதற்கு முயன்றதே இல்லை. 1927-ல் அதைச் செய்தவர் பர்லி பிரபு. அந்த முற்றமும் டிரினிட்டி முற்றமல்ல. படம் பிடித்தது ஈட்டன் பள்ளிக்கூடத்தில். ஆபிரகாம்ஸ் 1934-ல்தான் தம் வருங்கால மனைவியைச் சந்தித்தார். படத்திலோ ஒலிம்பிக்குக்கு முன்பே காதல். அவர் முதலில் 200 மீட்டரில் தோற்று, அந்த வெட்கத்தில் 100 மீட்டரில் ஜெயித்ததாகக் காட்டுகிறார்கள். நடந்தது தலைகீழ். ஜூலை 7-ந் தேதி 100 மீட்டர் ஜெயித்தார்; பிறகுதான் 200 மீட்டரில் ஆறாவதாக வந்தார். அந்த 200 மீட்டரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியவர் லிடல்.

இவையெல்லாம் சில்லறை. முக்கியமானது வேறு. படத்தில், பாரிசுக்குப் போகக் கப்பலேறும் சமயத்தில்தான் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பது லிடலுக்குத் தெரிகிறது. அதிர்ச்சி! இளவரசரே கூப்பிட்டு வற்புறுத்துகிறார். அவர் அசையவில்லை. அப்போது ஒரு பிரபு எழுந்து, 400 மீட்டரில் என் இடத்தை எடுத்துக்கொள் என்று தியாகம் செய்கிறார். பழக்கமில்லாத ஓட்டத்தில் பக்தர் இறங்குகிறார், ஜெயிக்கிறார். பார்ப்பவனுக்கு என்ன தோன்றும்? கடவுள் கைகொடுத்தார் என்றுதானே தோன்றும்?

நடந்தது என்ன? பந்தய அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. லிடலுக்கும் தெரியும். அவர் உடனே 100 மீட்டரையும், ஞாயிற்றுக்கிழமையில் வந்த தொடர் ஓட்டங்களையும் ஒதுக்கிவிட்டு, எடின்பரோவில் டாம் மெக்கர்ச்சர் என்ற பயிற்சியாளரிடம் 400 மீட்டருக்கு மாதக் கணக்கில் பாடுபட்டார். இடம் கொடுத்த பிரபு கதைக்காகப் பிறந்தவர். ஜூலை 11-ந் தேதி 47.6 விநாடியில் ஓடினார் என்றால், அது கால் செய்த வேலை, நுரையீரல் செய்த வேலை, பயிற்சி செய்த வேலை.

நிற்க. சினிமாக்காரர் கதை கட்டக் கூடாதா என்றால், தாராளமாகக் கட்டலாம். காசு கொடுத்துக் கதை பார்க்கப் போனவன் கதையைப் பார்க்கிறான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கப்பல் காட்சி, திரையைவிட்டு இறங்கி, லிடலின் சரித்திரம் என்று எழுதப்படும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமானால், அங்கேதான் நம் வேலை ஆரம்பமாகிறது. ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவார். அதைப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை வரைவார். பிறகு இன்னொருவர் அந்தப் பத்திரிகையையே கலைக்களஞ்சியத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. தலபுராணம் வளர்ந்த வழியும் இதுதானே?

இனி அந்தக் கலைக்களஞ்சியத்தின் யோக்கியதையைச் சொல்லுகிறேன். 2001-ல் இங்கிலீஷில் தொடங்கி, 2003-ல் தமிழிலும் வந்தது. தமிழில் மட்டும் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுதுகிறவனுக்குப் பட்டம் வேண்டாம், சாதி வேண்டாம், சிபார்சு வேண்டாம். பக்கத்தின் தலைப்பில் 'தொகு' என்றிருக்கும். அதைத் தொட்டால் நீங்களும் திருத்தலாம். எவன் வேண்டுமானாலும் எழுதலாமென்றால் எதை நம்புவது என்பீர்கள். நம்பவே வேண்டாம் என்பதுதான் அதன் ஏற்பாடு! ஆட்சேபணைக்கு இடமான சங்கதி ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழியில் போகிற யாரும் 'சான்று தேவை' என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போகலாம். தோழர்களே, இந்த இரண்டு வார்த்தைகளை நம் புராணங்களின் ஓரத்தில் எழுதப் புகுந்தால், எழுத இடம் மிஞ்சுமா? அதோடு, எந்த வரியை எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து மாற்றினார்கள், முன்னே என்ன இருந்தது என்பதெல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடக்கும். இடைச்செருகலைக் கண்டுபிடிக்கப் பண்டிதர் வேண்டியதில்லை.

சினிமாக் கட்டுரைக்கு இதில் ஒரு முறை உண்டு. கதைச் சுருக்கம் என்ற பகுதியில், படத்தில் என்ன வருகிறதோ அதையே எழுத வேண்டும். கப்பலில் தெரிந்தது என்று படம் காட்டினால் கப்பலில் தெரிந்தது என்றே எழுத வேண்டும். அங்கே சரித்திரத்தைப் புகுத்திப் 'பொய், பொய்' என்று இடையிடையே கூவக் கூடாது. படம் சரித்திரத்திலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்பதைச் சொல்லத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே புத்தகத்தையும் பக்கத்தையும் காட்டி எழுத வேண்டும்.

நம் இளைஞர் ஒருவர், நல்ல ஆர்வமுள்ளவர், இதைக் கவனியாமல் அந்தப் பக்கத்தில் லிடலை 'மூடபக்தர்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். மறுபடி போட்டார், மறுபடி நீக்கினார்கள். மூன்று தரத்துக்கு மேல் ஒரே நாளில் இப்படி மல்லுக்கட்டினால் எழுதும் உரிமையையே நிறுத்தி வைப்பார்கள். அவர் என்னிடம் வந்து, "பாதிரிகளின் சூழ்ச்சி பார்த்தீர்களா ஐயா" என்றார். சூழ்ச்சி ஒன்றுமில்லை தம்பி என்றேன். லிடல் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தது உண்மை. தம் நம்பிக்கைக்காகப் பெரிய பந்தயத்தை விட்டுக்கொடுத்ததும் உண்மை. பின்னர் சீனாவுக்கே திரும்பிப் பாதிரி ஊழியம் செய்து, 1945-ல் ஜப்பானியர் காவல் முகாமில் மூளைக் கட்டியால் மாண்டதும் உண்மை. அந்த நம்பிக்கை நமக்குச் சம்மதமில்லை என்பதற்காக ஒன்றையும் மறைக்க நமக்கு உரிமை கிடையாது. நாம் அவரை மூடர் என்று எழுதலாமென்றால், நாளை வேறொருவர் நம் பெண்மக்கள் மாநாட்டுப் பக்கத்தில் போய் என்ன எழுதமாட்டார்?

உனக்கு வேண்டியது வசைச்சொல் அல்ல, தேதி என்றேன். அட்டவணை மாதங்களுக்கு முன்பே வந்தது என்ற ஒரு வாக்கியத்தை ஆதாரத்தோடு போடு. இடங்கொடுத்த பிரபு கற்பனை என்ற ஒரு வாக்கியத்தை ஆதாரத்தோடு போடு. அற்புதம் தானாகவே பயிற்சியாக மாறிவிடும். அதை நீக்க வருகிறவன் உரையாடல் பக்கத்தில் உனக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அவர் நூல்நிலையத்துக்குப் போய், லிடலைப் பற்றிய சரித்திரப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பத்து நாள் கழித்து இரண்டே வாக்கியம் எழுதினார். அவை நிற்கின்றன.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன செய்வது?" என்று. தமிழ்ப் பக்கங்களிலேயே வேலை நிறைய இருக்கிறது. நீங்கள் பார்த்த விளையாட்டுப் படம் ஒன்றின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் 'சான்று தேவை' என்று போடுங்கள். இந்த வாசகசாலையில் பழைய பத்திரிகைக் கட்டுகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. சாவி காரியதரிசியிடம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கேட்டால் கொடுப்பார்.