எந்தச் சேலை வேணும், அப்பாயி?

போன தை மாதம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பேஷன் ஷோ நடத்தினோம். செய்தி காதில் விழுந்ததும் என் உறவுக்காரர் ஒருவரே கேட்டார்: “வயசான காலத்துல அவங்கள எதுக்கும்மா மேடை ஏத்துறீங்க? ராமா கிருஷ்ணான்னு இருக்க விடுங்களேன்.” அன்றைக்கு அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

வயதானவர்களை அலங்கரித்து அழகு பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? திருக்கடையூருக்குப் போய்ப் பாருங்கள். மார்க்கண்டேயனுக்காகக் காலனையே உதைத்த அமிர்தகடேசுவரர் சந்நிதி. அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். பல் போன மாப்பிள்ளையும் நரை கண்ட பெண்ணும் கழுத்து கொள்ளாத மாலையோடு பிராகாரம் சுற்றி வருவார்கள். பேரப்பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே பின்னால் வருவார்கள். எண்பது வயசிலே கூறைப்புடவை கட்டி, மறுபடியும் தாலி ஏறும்போது அந்த அம்மாள் முகத்தில் ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்கென்றே நான் அந்தக் கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன்.

ஆனால் அந்த மணவறையில் உட்கார ஒரு துணை உயிரோடு இருக்க வேண்டும். கூட்டிப் போகப் பிள்ளைகள் வேண்டும். முதியோர் இல்லத்தில் இருக்கும் பலருக்கு இரண்டுமே இல்லை. அவர்களை யார் அலங்கரிப்பது?

சேலை கொடுக்கிறோமே என்பீர்கள். உண்மைதான். பிறந்தநாள் என்று கொடுக்கிறோம், அப்பா திதி என்று கொடுக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். ஜவுளிக்கடையில் ஒரே ரகம், ஒரே நிறம், முப்பது சேலை, மொத்தமாகக் கட்டி வாங்கி வருவோம். வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொன்று கையில் வைத்துக் கும்பிடுவோம். அரசாங்கமும் கொடுக்கிறது. நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-லேயே தொடங்கியது. அதை வாங்குகிறவர்களுக்குப் பண்டிகைக்குச் சேலையும் வேட்டியும் உண்டு. பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கை கொடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி மட்டும் விட்டுப் போகிறது. “உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்?” அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று அந்த இல்லத்தில் ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். ஒருவருக்கும் கணக்கு தெரியவில்லை.

அதனால் எங்கள் பேஷன் ஷோ மேடையில் தொடங்கவில்லை, ஐயா. மூன்று வாரம் முன்னாலேயே ஜமக்காளத்தில் தொடங்கிவிட்டது. தெரிந்த வீடுகளில் எல்லாம் இரவல் கேட்டு எழுபது சேலை சேர்த்தோம். கூடத்தில் ஜமக்காளத்தை விரித்துப் பரப்பினோம். அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் நிறம், மயில்கழுத்து என்று பாட்டிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்ல, கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அங்கே ஒரு அப்பாயி. பெற்ற பிள்ளைகளின் பெயரே நினைவில் இல்லாதவர். காலையில் சாப்பிட்டோமா என்பதும் தெரியாது. அவர் மடியில் ஒரு பட்டுச்சேலையை விரித்து வைத்தோம். கொஞ்ச நேரம் தடவினார். பிறகு அதை மடிக்க ஆரம்பித்தார். சாதாரண மடிப்பு இல்லை. திருபுவனத்துப் பட்டுக்கென்றே ஒரு மடிப்பு உண்டு, விசிறி மடிப்பு. கொசுவம் கொசுவமாக அடுக்கி, விரல் நுனியால் அழுத்தி அழுத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து முடித்து, எங்களைப் பார்த்து “அடுத்தது கொண்டா” என்றார். தறிக்காரர் வீட்டில் வாழ்ந்த கை அது. திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை எங்கே இருந்து வந்தது என்பதை நான் அன்றைக்கு அந்தப் பத்து விரலில் பார்த்தேன்.

இன்னொரு அம்மா. கணவர் போன நாளிலிருந்து வெள்ளைதான். மயில்கழுத்துச் சேலை மேலே கையை வைத்தவர், கையை எடுக்காமலே எங்களைப் பார்த்துக் கேட்டார்: “நான் கட்டலாமா?” எங்களுக்குப் பதில் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரப் பாட்டிதான் சொன்னார்: “யாரடி கேக்குற? நம்மள வேணாம்னு சொல்ல இங்க யாரு இருக்கா? கட்டு!”

ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்பத்து நாலு வயசுப் பெரியவர் ஒருவர், ஆயுள் பூராவும் வயலில் உழைத்தவர், தனக்குச் சரிகைக் கரை போட்ட துண்டு ஒன்று மட்டும் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன். “எங்கப்பா பண்ணையார் வீட்டத் தாண்டுறப்ப துண்ட இடுப்புல கட்டிக்குவாரு. நான் சின்னப்புள்ள, கூடவே நடப்பேன்” என்றார். தோழர்களே, பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் இது. 1940களில் விவசாயிகள் இயக்கத் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டி எதிர்த்து நின்ற கொடுமை அது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். அந்தப் பெரியவர் மேடையில் பாதி தூரம் வந்து நின்றார். சரிந்த துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதைப் பேஷன் என்று சொல்ல மாட்டேன் என்பவர்களோடு நான் வாதாடத் தயார்.

வேறு ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மேடை போடாதீர்கள். படி ஏறும்போதுதான் விழுவார்கள். தரையிலேயே நடக்கட்டும், விரிப்பின் ஓரத்தை ஒட்டிவிடுங்கள், பாதி வழியில் ஒரு நாற்காலி போடுங்கள். ரவிக்கைக் கொக்கியை மூட்டுவலி விரல் மாட்டாது. ஒட்டுப்பட்டை வைத்துத் தையுங்கள், வேட்டிக்கும் அதுவேதான். காலை பத்து மணிக்குத் தொடங்கி, மாத்திரை நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். தவில் வேண்டாம், காதுக் கருவி வைத்தவர்கள் துடித்துப் போவார்கள். மெல்லிய இசை போதும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வைக்கவே வைக்காதீர்கள். வர மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன்: அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. நம் கருணையை ஊருக்குக் காட்ட அவர்கள் முகம் எதற்கு?

பேஷன் மேடை என்றால் வெளிநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2015-ல் பெய்ஜிங்கில் நடந்த சீன பேஷன் வாரத்தில் வாங் தேஷுன் என்கிற நடிகர் எண்பதை நெருங்கும் வயசில் மேல்சட்டை இல்லாமல் நடந்து வந்ததை உலகமே வியந்து பார்த்தது. நல்லது, அவர் நீண்ட நாள் உடற்பயிற்சி செய்து தேறிய உடம்புக்காரர். எங்கள் பாட்டிகளில் நாலு பேர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். தலையில் தஞ்சாவூர்க் கதம்பம், மரிக்கொழுந்து வாசம் கூடம் முழுக்க. மயில்கழுத்துச் சேலைக்கார அம்மா பூவைத் தலையில் வைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு தூரம் போவது என்பது அவர் முடிவு. திரும்பி நடக்கும்போது அதை முகர்ந்துகொண்டே போனார்.

அடுத்து அக்டோபர் 1, உலக முதியோர் நாளன்று மறுபடியும் நடத்தப் போகிறோம். பணம் கேட்டு வரவில்லை. விசிறி மடிப்பு அப்பாயி இந்த முறை தானும் நடக்கிறேன் என்கிறார். மூன்று நாளாக ஒரே நிறத்தைச் சொல்கிறார், மறக்கவில்லை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. உங்களில் யார் வீட்டுப் பீரோவிலாவது அப்படி ஒன்று இருந்தால், ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலிலேயே நிற்கிறேன்.