சாயம் பூசினால் வயது மறைந்துவிடும்

பழைய பொருள் ஒன்று கைக்குக் கிடைத்ததும் பலரும் முதலில் என்ன செய்கிறார்கள்? தேய்த்துக் கழுவி, புதுச் சாயம் பூசி, கண்ணாடி அலமாரியில் பளபளவென்று வைத்துவிடுகிறார்கள். சாவி கொடுத்தால் ஓடும் பழங்காலப் பொம்மை இரயிலுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி நடத்திய மெக்கானோ நிறுவனம், 1920-ஆம் ஆண்டு பொம்மை இரயில்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னர் அந்த வரிசையில் டேங்க் எஞ்சின்களும் சேர்ந்தன. நிஜ டேங்க் எஞ்சின், தண்ணீரையும் நிலக்கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும் நீராவி இயந்திரம். பின்னால் தனி வண்டி கிடையாது. ஆகவே திருப்பி நிறுத்தாமலேயே முன்னும் பின்னும் நன்றாக ஓடும். வீட்டுத் தரையில் போடும் சிறிய வட்டத் தண்டவாளத்துக்கு இந்தக் குட்டை உருவம் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்நாளில் அங்கே பல வீடுகளில் மின்சாரமே இல்லை. எனவே தகர உடம்புக்குள் எஃகுச் சுருள்வில் ஒன்றை வைத்தார்கள். பக்கத்துத் துளையில் சாவியை நுழைத்து முறுக்கினால் வில் இறுகும். அது விரியும்போது பல்சக்கரங்கள் சுழன்று வண்டி சீறிக் கிளம்பும். சில சுற்றுகளில் சோர்ந்து நின்றுவிடும். பையன் மறுபடியும் சாவியைத் தேட வேண்டியதுதான்!

சரி, சாயத்தில் அப்படி என்ன இருக்கிறது? 1923-இல் பிரிட்டனின் பெரும்பாலான இரயில் கம்பெனிகள் நான்காக இணைந்தன. அவற்றின் எழுத்துகளும் நிறங்களும் பொம்மைகளிலும் ஏறின. 1948-இல் நிஜ இரயில்கள் அரசுடைமையாயின. ஆனால் போருக்குப் பின் ஹார்ன்பி விற்ற 101-ஆம் எண் டேங்க் எஞ்சினில் பழைய கம்பெனிகளின் எழுத்துகளே தொடர்ந்தன. 1954-இல் அதன் இடத்துக்கு வந்த 40-ஆம் எண்தான் பிரிட்டிஷ் இரயில்வேயின் கறுப்பு நிறத்தை ஏற்றது. இரண்டும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். சாயத்தைச் சுரண்டிவிட்டால் எது எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது?

துரு தின்று எழுத்தே மிஞ்சாத உடம்புக்குப் புதுச் சாயம் பூசினால் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கும்போது அதை மறைப்பது மோசடி.

சக்கரங்களையும் கவனிக்க வேண்டும். போருக்கு முந்திய துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால், அவை நாளடைவில் வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். அவற்றுக்கு மாற்றுச் சக்கரம் போடலாம், கழற்றியதைப் பத்திரப்படுத்தலாம். உடம்புக்கு உலர்ந்த மெல்லிய துணியும் அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் போதும். சாவி திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டக்கூடாது. ஓடி முடிந்த வில்லைத் தளர்ந்த நிலையிலேயே வைப்பது நல்லது.