குடித்து ஓட்டியவர் சிறைக்குப் போனால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் ஓர் அம்மா வந்தார். இரவு ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய கணவரைக் குடிபோதையில் வந்த காரோட்டி மோதிக் கொன்றுவிட்டார். "போலீஸ் கேஸ் முடியட்டும், அப்புறம் நஷ்ட ஈடு கேட்கலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் காத்திருந்தார். காரோட்டிக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் என் அலுவலகப் படியேறியபோது கணவர் இறந்து மூன்று ஆண்டு, நான்கு மாதம் ஆகியிருந்தது. தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, இறந்தவரின் வருமானத்தை இழந்த குடும்பம் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். மிஞ்சியது ஈமச் செலவு போன்ற சில்லறைத் தொகைதான். காயம்பட்டு உயிரோடு இருப்பவருக்கு ஆறு ஆண்டு. மோதியது அரசாங்க வாகனம் என்றால் அதுவும் மூன்று ஆண்டுதான்.

போலீஸ் கேஸ் வேறு, நம் கேஸ் வேறு. 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். குடித்து ஓட்டி உயிரைப் பறித்தால் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். நல்லதுதான். ஆனால் அந்த அபராதம் போவது அரசாங்கக் கஜானாவுக்கு, விதவையின் வீட்டுக்கு அல்ல. அரசுத் தரப்பு கேட்டால் அதே நீதிமன்றம் இழப்பீடு கட்டச் சொல்லலாம். ஆனால் சிறைக்குப் போகிறவர் கையில் எவ்வளவு இருக்கும்?

"அவன் குடித்திருந்தான், இன்சூரன்ஸ் செல்லாது." இதைக் கேட்டுத்தான் நம்மவர்கள் ஐயாயிரம், பத்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. குடித்தவரின் சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். ஆனால் அவர் மோதிய மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை, போதையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. கட்டிவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அந்தக் குடிகாரர் நம் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம் என்பதை அப்பாமார்கள் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? இறந்தவருக்கு 40 வயது, மாதம் 1,500 ரிங்கிட் குடும்பத்துக்குக் கொடுத்து வந்தார் என்று வையுங்கள். 60இல் 40 போனால் 20, அதில் பாதி 10 ஆண்டு. ஆக 180,000 ரிங்கிட். 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு. 2019 செப்டம்பருக்கு முன் இந்த 60 என்பது 55ஆக இருந்தது. சம்பளச் சீட்டு இல்லாத நாள்கூலிக்காரர்கள், முதலாளியிடம் இன்றே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து என்றால் சொக்சோவிலும் கோருங்கள். சொக்சோ வாங்கியதால் காரோட்டி மீது வழக்குப் போடும் உரிமை போய்விடாது.

குடித்த நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகிறவர்கள் கவனியுங்கள். கட்டாய இன்சூரன்ஸ் பொதுவாக பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றாது. நண்பன் மேல் வழக்குப் போடலாம், ஆனால் பணம் அவன் பாக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். போதை தெரிந்தே ஏறினீர்கள் என்றால் அதிலும் குறையும். ஹெல்மெட் போடாமல் தலையில் அடிபட்டாலும் அப்படித்தான்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நிற்கும் புரோக்கர். "கேஸ் ஜெயித்தால் இத்தனை விழுக்காடு" என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞரை நீங்களே போய்ப் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸ் போய்விட்டதா என்று கேளுங்கள். வழக்குப் பதிவதற்கு முன்போ, பதிந்த ஏழு நாளுக்குள்ளோ அது போக வேண்டும்.

போலீஸ் ரிப்போர்ட், மருத்துவ அறிக்கை கொண்டு வந்தவர்கள் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனவர்கள் முதலில் வரட்டும்.