அக்கானிப் பானை சொல்லும் பாடம்

(தொடர்கல்வி மையத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் வெப்பத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இது பெரிய படிப்பு, நமக்குப் புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் அடுப்புக்கு முன்னால் நிற்பவர்கள் நீங்கள். வெப்பத்தோடு உங்களைவிட அதிகமாகப் பழகியவர்கள் யார்? உங்கள் கை ஏற்கெனவே அறிந்ததற்கு ஒரு பெயரும் ஒரு கணக்கும் சொல்வதுதான் என் வேலை.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நம் பகுதியில் மாநில எல்லை பிரிந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. ஆனால் பனை மரம் இரண்டு பக்கமும் நின்றது. அக்கானி இறக்குவதும் காய்ச்சுவதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். இப்போது பனையேறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் அம்மாவோ பாட்டியோ அக்கானி காய்ச்சியதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தப் பானையிலிருந்தே தொடங்குவோம்.

பொருளின் மூன்று நிலைகள்

அக்கானி நீர் போல ஓடும். இது திரவம். காய்ச்சும்போது மேலே ஆவி எழும்பும். இது வாயு. கடைசியில் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி கட்டியாகும். இது திடம். திடம், திரவம், வாயு ஆகிய மூன்றையும் ஒரே அடுப்பங்கரையில் பார்த்துவிட்டோம்.

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களால் ஆனவை. தண்ணீரின் துகளை மூலக்கூறு என்பார்கள். மூலக்கூறுகள் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. அசைந்துகொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இருந்த இடத்திலேயே நெளிவார்களே தவிர, இடம் மாற மாட்டார்கள். திடப்பொருளின் மூலக்கூறுகள் அப்படித்தான். உணவு இடைவேளையில் கூட்டமாக நெருக்கிக்கொண்டு நகர்வார்கள். அது திரவம். மாலையில் மணி அடித்ததும் நாலு திசையிலும் சிதறி ஓடுவார்கள். அது வாயு.

பொருளைச் சூடாக்கினால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடும். ஆறவைத்தால் ஆட்டம் குறையும். இந்த ஆட்டத்தின் அளவைத்தான் வெப்பமானி டிகிரியில் காட்டுகிறது.

மறைந்து நிற்கும் வெப்பம்

இப்போது ஒரு கேள்வி. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அதன் சூடு 100 டிகிரி. இன்னும் இரண்டு விறகைத் தள்ளித் தீயைக் கூட்டுகிறோம். சூடு எவ்வளவு ஆகும்?

110 என்று சிலர் சொல்வீர்கள். 120 என்றும் சொல்லலாம். இரண்டும் தவறு. திறந்த பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் அதன் சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். எவ்வளவு எரித்தாலும் ஏறாது.

அப்படியானால் நாம் எரித்த விறகின் வெப்பம் எங்கே போயிற்று? தண்ணீரை ஆவியாக்கப் போயிற்று. கைகோத்து நிற்கும் பிள்ளைகளைப் பிரித்துவிட வேண்டும் என்றால் பலம் வேண்டும் அல்லவா? திரவத்தில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் மூலக்கூறுகளைப் பிரிக்கவும் அப்படித்தான். அதற்கே அந்த வெப்பம் செலவாகிறது. வெப்பமானியில் அது தெரியாது. ஆவிக்குள் மறைந்து நிற்கும். அதனால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760களில் ஸ்காட்லாந்து நாட்டில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இதை அளந்து காட்டினார்.

கணக்கைப் பாருங்கள். வெப்பத்தைக் கலோரியில் அளக்கலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் சுமார் 30 டிகிரி இருக்கும். அதை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு கிராமுக்கு 70 கலோரி போதும். ஆனால் கொதிக்கும் அதே ஒரு கிராமை முழுவதும் ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்!

பத்து லிட்டர் அக்கானி காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டிதான் கிடைக்கும். மீதியெல்லாம் தண்ணீர். அது முழுவதும் ஆவியாகப் போக வேண்டும். மணிக்கணக்கில் அடுப்பெரித்த பெண்கள், சுமந்து வந்த விறகில் பெரும்பகுதியை இந்த ஆவிக்காகத்தான் எரித்தார்கள். கருப்பட்டி விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சோற்றுக்கு ஒரு தீ, கருப்பட்டிக்கு ஒரு தீ

கருப்பட்டிக்குத் தண்ணீர் போக வேண்டும். அதனால் அகன்ற பாத்திரம், திறந்த வாய், நல்ல தீ. அது சரி. நீர் குறையக் குறைய இனிப்பு கெட்டியாகும். அப்போது கொதிக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டி மெல்ல ஏறும். பாகு பதத்தில் 110 டிகிரியையும் தாண்டும். அப்போது தீயைக் குறைக்காவிட்டால் அடி பிடித்துக் கருகிவிடும். நம் பாட்டிமார் வெப்பமானி பார்க்கவில்லை. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார்கள். அவர்கள் செய்ததும் அறிவியல்தான்.

சோற்றுக்கு அப்படியா? சோற்றுக்கு வேண்டியது சூடு மட்டும். தண்ணீரை விரட்டுவது நம் நோக்கம் அல்ல.

போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "தீயைக் கொறச்சா சோறு வேக நேரம் ஆகாதா?"

ஆகாது, அக்கா. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரிதான். அரிசி வேகும் நேரமும் அதேதான். பெருந்தீயில் ஆவி மட்டும் அதிகமாகப் போகும். அதோடு விறகோ எரிவாயுவோ வீணாகப் போகும். எனவே கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். மூடி போடுங்கள். பயறு, கடலையை முன்பே ஊறவையுங்கள். விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. குறைவாக எரித்தால் புகையும் குறையும். கண்ணும் நெஞ்சும் பிழைக்கும்.

மலையும் குக்கரும்

நம் நெய்யாறு அகத்தியமலைப் பகுதியில் பிறக்கிறது. அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். மேலிருந்து அழுத்துவது குறைந்தால் ஆவி எளிதில் வெளியேறும். அதனால் மலை உச்சியில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும்.

பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர். அங்கே ஆவியை அடைத்து வைக்கிறோம். அழுத்தம் கூடுகிறது. தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் 120 டிகிரிக்கு ஏறுகிறது. அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது. ஆனால் அடைபட்ட ஆவிக்குப் பலம் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும்! எனவே விசில் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆவி முழுவதும் அடங்கும் முன் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆவி சுட்டால்

கொதிநீர் பட்டால் சுடும். ஆவி பட்டால் அதைவிட மோசமாகச் சுடும். ஏன்? தோலில் பட்டதும் ஆவி மறுபடி தண்ணீராகிறது. அப்போது ஒளித்து வைத்திருந்த 540 கலோரியையும் தோலில் இறக்கிவிடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் மறுபக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி உங்களை விட்டு விலகிப் போகட்டும்.

சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மாவு, எண்ணெய், மை எதையும் பூச வேண்டாம். குழந்தைக்குச் சுட்டாலோ, பெரிய காயம் என்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் இப்போது கேஸ் அடுப்பு இருக்கிறது. சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ அலம்பும். ஆம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். வாயுவை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். திரவமானால் இடம் குறைவு. அதனால்தான் 14.2 கிலோ எரிபொருள் அந்தச் சிறு உருளைக்குள் அடங்குகிறது.

ஹோட்டல்களில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் குளிர்ந்து வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதும் இதே வழியில்தான். கேஸ் குறைவாக வருகிறது என்று சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவோர் உண்டு. அது ஆபத்து. சூடு ஏறினால் உள்ளே அழுத்தமும் ஏறும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கசிந்த திரவம் வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு பரவும். பள்ளத்திலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். ஒரு தீப்பொறி போதும்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் ஒரு கேஸ் டேங்கர் லாரி கவிழ்ந்தது. வாயு கசிந்து பரவித் தீப்பிடித்தது. 20 பேர் இறந்தார்கள். சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் பலியானார்கள். அவர்கள் அடுப்பில் எந்தத் தவறும் செய்யவில்லை. வாயு அவர்களைத் தேடி வந்தது. நம் ஊர்கள் வழியாகவும் தேசிய நெடுஞ்சாலை போகிறது. ஆகவே இது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் வாசனை வந்தால் என்ன செய்வது? எல்லாத் தீயையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பொறி பறக்கலாம். குழந்தைகளோடு வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இரவும் பகலும் அந்த எண் இயங்கும். சாலையில் கசிவு என்றால் அருகே போய் வேடிக்கை பார்க்க வேண்டாம். அக்கம்பக்கத்தாரிடம் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு விலகிப் போங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

நாளை சோறு வைக்கும்போது கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். வேக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நோட்டில் எழுதுங்கள். மறுநாள் அதே அளவு அரிசியைப் பெருந்தீயில் வையுங்கள். அதையும் எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய சிலிண்டர் மாட்டும் நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் கணக்கு உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னதால் நம்ப வேண்டாம். நீங்களே செய்து, நீங்களே எழுதி, அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள். எழுத்துப் படித்ததன் பயன் அதுதான்.