குழந்தை உள்ளத்தில் அறவுணர்வு



நன்று இது, தீது இது என்று பகுத்துணரும் ஆற்றல் குழந்தைக்கு எவ்வாறு வாய்க்கிறது? இவ்வினாவுக்குக் குழந்தைகளிடமே விடை தேடியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே. கோலி விளையாடும் சிறுவர்களோடு தாமும் சேர்ந்துகொண்டு, இந்த விதிகளை வகுத்தவர் யார், இவற்றை மாற்றலாமா என்றெல்லாம் அவர் கேட்டார். குழந்தைகளின் அறத்தீர்ப்பைப் பற்றிய அவருடைய நூல் 1932ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவர் குழந்தைகளிடம் சொன்ன கதைகளுள் ஒன்று இது. ஒரு சிறுவனை உணவுண்ண அழைக்கிறார்கள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியின்மேல் தட்டில் 15 கிண்ணங்கள் இருப்பதை அவன் அறியான். கதவு இடித்து அத்தனையும் உடைகின்றன. மற்றொரு சிறுவனோ, தாய் வெளியே சென்ற நேரம் பார்த்து, அலமாரியிலுள்ள பழப்பாகை எடுக்க நாற்காலிமேல் ஏறுகிறான். ஒரே ஒரு கிண்ணம் கைபட்டு விழுந்து உடைகிறது. இருவருள் குற்றம் மிகுந்தவன் யார்? ஆறேழு வயதினர் பலரும் 15 கிண்ணங்களை உடைத்தவனையே சுட்டினர். ஒன்பது, பத்து வயதினர் பழப்பாகுக்கு ஆசைப்பட்டவனைச் சுட்டினர். இளையோர் சேதத்தை எண்ணினர். மூத்தோர் எண்ணத்தை நோக்கினர்.

சமண நூல் பயின்றோர்க்கு இவ்விடம் புதியதன்று. உயிர்க்கு ஊறு நேர்வது மட்டுமே இம்சையாகாது, மனத்தின் சோர்வும் ஆசையும் வெகுளியும் அதற்கு மூலமாக நிற்க வேண்டும் என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. திரவிய இம்சை, பாவ இம்சை என்ற பாகுபாடும் இதன்வழி வந்ததே. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இதனைக் கதையாகவே விரிக்கிறது. உயிர்ப்பலிக்கு இசையாத யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். ஓர் உயிரும் அங்கே சாகவில்லை. எனினும் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்கும் பறவையுமாய் அல்லலுறுகின்றனர். கிண்ணங்களை எண்ணும் பருவத்துக் குழந்தையிடம் இக்கதையைச் சொன்னால், “மாவுக் கோழிதானே, அதற்கு வலிக்குமா?” என்றே கேட்கும். கேட்பதில் பிழையில்லை. அக்கேள்வி மாறும் வரை பொறுத்திருப்பதே பெரியோர் கடன்.

ஆனால் வயது ஏறுவதால் மட்டுமே அது மாறிவிடுவதில்லை. சேதத்தின் அளவை வைத்தே சினக்கும் பெரியோர், குழந்தையையும் அவ்வாறே எண்ணப் பழக்குகின்றனர் என்பது பியாஜேயின் கருத்து. நம் இல்லங்களை நோக்கினாலும் இது புலப்படும். விலையுயர்ந்த கண்ணாடிச் சாடியைக் கைதவறி உடைத்த பிள்ளைக்கு அடி விழுகிறது. தம்பியின் பென்சிலை வேண்டுமென்றே முறித்த பிள்ளைக்கு, “போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்ற சொல் கிடைக்கிறது. பென்சிலின் விலை சிறிது. முறித்த கையின் பின்னிருந்த எண்ணம் சிறிதன்று.

இனி, சமண இல்லங்கள் கூர்ந்து கருத வேண்டிய ஆய்வு ஒன்றுண்டு. லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற அமெரிக்க அறிஞர் இருவர், சமயக் கட்டுப்பாடு மிக்க கிறித்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் வினவி, முடிவுகளை 1993இல் வெளியிட்டனர். வழிபாட்டு நாளில் வேலை செய்யலாகாது என்று மறைநூல் சொல்லாதிருந்தால் அதைச் செய்யலாமா? செய்யலாம் என்றனர் பெரும்பாலோர். களவு கூடாது என்று மறைநூல் சொல்லாதிருந்தால்? அப்போதும் களவு தவறே என்றனர். கட்டளையால் நிற்கும் விதி வேறு, பிறர்க்கு வரும் துன்பத்தால் நிற்கும் அறம் வேறு என்பதைப் பிள்ளைகள் தாமே பிரித்துக்கொள்கின்றனர்.

அங்ஙனமாயின், இரவு உண்ணாமையும் நீர் வடிகட்டிப் பருகுதலும் கிழங்கு விலக்கலும் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எப்பக்கம் சேர்கின்றன? மூத்தோர்க்கு அவை உயிரோம்பல். “நம் வீட்டில் கூடாது” என்ற சொல்லை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ அவை பள்ளிச் சீருடை போன்றவை. பள்ளி விட்டதும் சீருடை கழல்கிறது. மேற்படிப்புக்காக விடுதி சேர்ந்த பிள்ளை, இரவு ஒன்பது மணிக்கு நண்பர்களோடு உணவகத்தில் அமரும்போது, அருகில் தந்தையும் இல்லை, பாட்டியும் இல்லை. மழைக்கால மாலையொன்றில் விளக்கொளியை நாடி வந்து உணவில் விழும் சிற்றுயிர்களைக் கண்டு, “அதனால்தானா?” என்று ஒருமுறையேனும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கே அவ்விடத்தில் கை தயங்கும். அச்சத்தால் மட்டும் வளர்ந்த பிள்ளை, உண்டதை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

அச்சத்துக்கு அத்தனை வலிமை இல்லை என்பதைக் காங் லீ முதலானோர் 2014இல் வெளியிட்ட சோதனையும் காட்டியது. மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம், பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கலாகாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே சென்றார். திரும்பி வந்து ஒரு கதை சொன்னபின், “பார்த்தாயா?” என்று கேட்டார். பொய் சொல்லி மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், “புலி வருது” கதையை ஒத்த ஓநாய்க் கதையும் பயன் தரவில்லை. மரத்தை வெட்டியதைத் தந்தையிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவன் வாஷிங்டனின் கதையைக் கேட்டோரே உண்மை சொல்ல மிகுதியும் முன்வந்தனர். (அக்கதையே பிற்காலப் புனைவு என்பது வேறு செய்தி!) பொய்யின் தீய விளைவைக் காட்டுமாறு அதன் முடிவை மாற்றியபோது அப்பயனும் மறைந்தது.

பெரியோர் தம் குறைகளையும் குழந்தைகள்முன் ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்று பியாஜே விழைந்தார். அதற்கு வேண்டிய வழக்கம் நம்மிடம் முன்னரே உள்ளது. தசலட்சணத் திருநாள்களை அடுத்து ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகின்றோம். அன்று உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கைகூப்பும் தாத்தா, எட்டு வயதுப் பேரன்முன் சற்று நின்று, “அன்று விசாரிக்காமல் உன்னை அடித்துவிட்டேன் அப்பா, பொறுத்துக்கொள்” என்று சொல்ல இவ்வாண்டு நாள் பார்க்க வேண்டியதில்லை.