குற்றம் இரத்தத்தில் இல்லை
(சங்கக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தோட்டத்துப் பையன் ஒருவன் போலீசில் பிடிபட்டால் ஊர் என்ன சொல்கிறது? "இந்த ஆட்களே இப்படித்தான், இரத்தத்தில் ஊறியது" என்கிறது. நாமும் வெட்கித் தலைகுனிகிறோம். அந்தப் பேச்சு மெய்தானா என்பதை இன்று ஆராய்வோம்.

அவ்வாறு சொன்ன அறிஞர் ஒருவர் இருந்தார். இத்தாலி நாட்டு டாக்டர் லொம்ப்ரோசோ, 1876-இல் எழுதிய நூலில், பிறவிக் குற்றவாளிகள் உண்டு; தாடை, காதுகளின் அமைப்பே அவர்களைக் காட்டிக் கொடுக்கும் என்றார். இங்கிலாந்தில் டாக்டர் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்தார். லொம்ப்ரோசோ சொன்ன குற்றவாளி முகம் என்று ஒன்று இல்லவே இல்லை என 1913-இல் எடுத்துரைத்தார்.

பிறகு அமெரிக்காவில் ஷா, மெக்கே என்ற இருவர், சிக்காகோ நகரின் சிறுவர் நீதிமன்றப் பதிவுகளை வட்டாரம் வட்டாரமாகப் படத்தில் குறித்தார்கள். ஆலைகளை ஒட்டிய பாழடைந்த வட்டாரங்களிலேயே வழக்குகள் மிகுதி. அங்கே முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் குடியிருந்தனர். பின்னர் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தனர். அதன்பின் கறுப்பர் வந்தனர். குடிகள் மாறின, குற்றம் மாறவில்லை. நல்ல வட்டாரத்துக்குப் பெயர்ந்த அதே இனத்தாரிடமோ குற்றம் குறைந்தது. 1942-இல் இது நூலாக வந்தது.

தோழர்களே, இது நமக்குத் தெரியாத சங்கதியா? நோய் கண்ட பழைய அடிக்கட்டையைத் தோண்டி எறியாமல் புதுக் கன்று நட்டால், வெள்ளை வேர் நோய் அதையும் பிடிக்கிறதே! கன்றின் சாதியைத் திட்டிப் பயன் என்ன?

1938-இல் மெர்ட்டன் என்ற அறிஞர் வேறொன்று சொன்னார். பணமே பெருமை என்று எல்லாருக்கும் போதித்துவிட்டு, நேர்வழியைச் சிலருக்கு அடைத்தால், அவர்களில் சிலர் குறுக்கு வழி தேடுவார்கள் என்றார்.

ஆனால் வறுமை மட்டுமே காரணமென்று நாம் சாக்குச் சொல்லவும் கூடாது. சதர்லாந்து என்பவர் 70 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் வரலாற்றை ஆராய்ந்தார். நீதிமன்றங்களும் விசாரணைக் குழுக்களும் அவற்றுக்கு எதிராக அளித்த தீர்ப்புகள் 980 என்று 1949-இல் காட்டினார். அந்த முதலாளிகள் எந்த லயத்தில் பிறந்தார்கள்? குற்றமும் கூடிப் பழகுவோரிடம் கற்கும் பாடமே என்றார் அவர்.

மனிதன் ஏன் தவறுகிறான் என்று எல்லாரும் கேட்க, பெரும்பாலோர் ஏன் தவறுவதில்லை என்று 1969-இல் ஹிர்ஷி கேட்டார். பெற்றோர், பள்ளி, நல்ல வேலை ஆகிய பிணைப்புகளே காக்கின்றன என்றார்.

இந்நாட்டில் 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1980-களுக்குப் பின் பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் வேரறுந்து நகரோரக் குடிசைகளுக்குப் போயின. கோவிலும் பள்ளியும் அண்டை அயலும் ஒரே நாளில் பின்தங்கின. பிணைப்பு அறுந்த இடத்தில் பையன்களைக் கூப்பிடக் குண்டர் கும்பல் காத்திருந்தது.

திருடியவனைத் தட்டிக் கொடுக்க நாம் சொல்லவில்லை, தண்டனை உண்டு. ஆனால் மண்ணைத் திருத்தாத தண்டனை அடுத்த கன்றைக் காக்காது. ஷா 1930-களில் அந்தந்த வட்டாரத்து மக்களையே குழுவாகத் திரட்டிச் சிறுவர்களைக் காக்க முனைந்தார். நாமும் அதைச் செய்யலாம். ஒரு மாலை வகுப்பு, ஒரு பந்தாட்டக் குழு, வேலையில்லாப் பையனுக்கு ஒரு தொழிற்பயிற்சி: இவற்றைக் கிளைதோறும் தொடங்குவோம். பிடிபட்ட பையன் வீட்டு வாசலைத் தவிர்த்துப் போகாமல், உள்ளே நுழைந்து ஒரு வார்த்தை பேசுவோம்.